கண்ணாடிக்கு அந்தப் பக்கம்

(மூத்த குடிமக்கள் வட்டத்தின் மாதக் கூட்டத்தில், நம் குடியிருப்பு ஹாலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சென்ற மாதம் இங்கே ஒரு டாக்டர் முழங்கால் வலி பற்றிப் பேசினார். பாதிப் பேர் நோட்டும் பேனாவுமாக வந்திருந்தீர்கள். இன்றைக்கு என் பேச்சில் மருந்தும் இல்லை, பத்தியமும் இல்லை. இரண்டு வகை அருங்காட்சியகங்களைப் பற்றிச் சொல்லப் போகிறேன். ஒன்று டயோராமா: கண்ணாடிக்குப் பின்னால் ஒரு முழுக் காட்சியையே அமைத்துக் காட்டுவது. இன்னொன்று திறந்தவெளி அருங்காட்சியகம்: பழைய வீடுகளையே பெயர்த்துக் கொண்டுவந்து ஓர் இடத்தில் மறுபடி நிறுத்திவைப்பது.

நான் பி.காம். படித்து, 36 வருடம் வங்கியில் குமாஸ்தாவாக இருந்தவன். இந்தத் துறைக்கும் எனக்கும் சம்பந்தம் கிடையாது. மகள் ஸ்டாக்ஹோமில் இருக்கிறாள். போன வருடம் அவளிடம் போயிருந்தபோது, அவளும் மாப்பிள்ளையும் காலையில் ஆபீஸ் கிளம்பிவிட்டால் எனக்கும் என் மனைவிக்கும் பொழுது போக வேண்டுமே. டிராமில் ஏறி ஸ்கான்சென் என்ற இடத்துக்குப் போக ஆரம்பித்தோம். அங்கே பார்த்ததையும், ஊர் திரும்பிய பிறகு படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

முதலில் நமக்குத் தெரிந்த ஒன்று. இதே ஹாலில் நவராத்திரிக்குக் கொலு வைக்கிறோம். படிகளில் வரிசையாகப் பொம்மைகள். கீழே தரையில் பிள்ளைகள் பார்க் கட்டுகிறார்கள். மணல் கொட்டி, கேழ்வரகு முளைக்கவிட்டு, கண்ணாடித் துண்டை வைத்துக் குளம் ஆக்கிவிடுகிறார்கள். படியில் உட்கார்ந்திருக்கும் செட்டியார் வெறும் பொம்மை. அவரையே கீழே இறக்கி, முன்னால் நாலு கிண்ணத்தில் பருப்பும் ஒரு சின்னத் தராசும் வைத்துவிட்டால் அங்கே கடை நடக்கிறது. பொருள் அதேதான். சுற்றியிருப்பது மாறியதும் அது பேச ஆரம்பிக்கிறது.

19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை பெரும்பாலான அருங்காட்சியகங்கள் கொலுப்படி மாதிரிதான் இருந்தன. ஒரு அலமாரியில் பானைகள், ஒரு அலமாரியில் பறவைகள். எங்கள் பாஷையில் சொன்னால் லாக்கர். பொருள் பத்திரமாக இருக்கும், ஆனால் அது எதற்குப் பயன்பட்டது என்று பார்ப்பவருக்குத் தெரியாது.

டயோராமா என்ற சொல் அருங்காட்சியகத்தில் பிறந்தது அல்ல. அது ஒரு பொழுதுபோக்கு அரங்கின் பெயர். 1822-இல் பாரிஸில் லூயி டாகர் என்பவரும் பூட்டோன் என்ற ஓவியரும் சேர்ந்து அதைத் திறந்தார்கள். மெல்லிய துணியில் வரைந்த பிரம்மாண்டமான ஓவியம். அதன்மேல் விழும் வெளிச்சத்தை முன்னாலும் பின்னாலும் மாற்றி மாற்றிக் கொடுத்தால், படத்தில் பகல் மெல்ல இருட்டும். ஒரு காட்சி முடிந்ததும், பார்வையாளர்கள் உட்கார்ந்திருக்கும் தளமே சுழன்று அடுத்த ஓவியத்தின் முன்னால் போய் நிற்கும். 1839-இல் அந்த அரங்கு தீயில் எரிந்துபோனது. அதே வருடம்தான் டாகரின் புகைப்பட முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அரங்கு போனாலும் பெயர் மட்டும் தங்கிவிட்டது.

இப்போது ஸ்வீடனுக்கு வருவோம். ஆர்துர் ஹாசேலியஸ், 1833-இல் பிறந்தவர், மொழி ஆசிரியர். 1872 கோடையில் டாலர்னா என்ற பகுதிக்குப் பயணம் போனார். ஸ்வீடனில் அது மிகப் பெரிய மாற்றத்தின் காலம். 1860-களின் கடைசியில் பஞ்சம் வந்து போயிருந்தது. ரயில் வந்துகொண்டிருந்தது. ஜனங்கள் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறிக்கொண்டிருந்தார்கள். அந்த அலை ஓய்வதற்குள் பத்து லட்சம் பேருக்கு மேல் போய்விட்டார்கள். கிராமத்து உடைகளும் சாமான்களும் கேட்பாரற்றுப் போவதை ஹாசேலியஸ் கண்ணால் பார்த்தார். உடனே வாங்க ஆரம்பித்தார். அவர் முதலில் வாங்கியது ராஜா வீட்டுக் கிரீடம் அல்ல, ஒரு கிராமத்துப் பெண்ணின் பாவாடை.

அடுத்த வருடமே ஸ்டாக்ஹோமில் ஒரு காட்சிசாலை திறந்தார். பாவாடையை அலமாரியில் மடித்து வைக்கவில்லை. ஆளுயரப் பொம்மைகளுக்கு உடுத்தி, ஒரு வீட்டின் அறையை மூன்று சுவர்களோடு அமைத்து, அதற்குள் அவர்களை நிறுத்தினார். நாடக மேடை மாதிரி நாலாவது பக்கம் திறந்திருக்கும். அதில் ஒரு காட்சி பெயர் பெற்றது. இறந்துபோன சின்னக் குழந்தையின் தொட்டிலைச் சுற்றி வீட்டார் நிற்கிறார்கள். அமாலியா லிண்டெக்ரென் என்ற பெண் ஓவியர் வரைந்த படத்தை வைத்து அமைத்தது. 1878 பாரிஸ் உலகக் கண்காட்சிக்கும் அது போனது.

அதே கண்காட்சியில் நெதர்லாந்துக்காரர்கள் ஹிண்டலோப்பன் என்ற ஊரின் அறை ஒன்றை அமைத்திருந்தார்கள். அதற்குள் நடந்தே போகலாம். டென்மார்க்கிலிருந்து வந்த பெர்ன்ஹார்ட் ஓல்சன் இரண்டையும் பார்த்தார். பின்னாளில் அவர் கோபன்ஹேகனில் அமைத்த அருங்காட்சியகத்தில் உள்ளே போகக்கூடிய முழு அறைகளை வைத்தார். 1897-இல் முழு வீடுகளையே கொண்டுவந்தார். அலமாரி மேடையாகி, மேடை அறையாகி, அறை வீடாகிவிட்டது. ஒவ்வொரு படியிலும் பார்வையாளர் ஓர் அடி உள்ளே வருகிறார்.

முழுக் கட்டிடத்தையே கொண்டுவருவதில் முந்திக்கொண்டவர் நார்வேயையும் சேர்த்து ஆண்ட மன்னர் இரண்டாம் ஆஸ்கர். 1881-இல் இப்போதைய ஆஸ்லோவுக்குப் பக்கத்தில் பிக்டோய் என்ற இடத்தில் தொடங்கினார். இடிபட இருந்த பழைய மரத் தேவாலயம் ஒன்றும் அங்கே வந்து சேர்ந்தது. ஹாசேலியஸ் 1891 அக்டோபரில் ஸ்டாக்ஹோமின் யூர்கோர்டன் தீவில் ஸ்கான்செனைத் திறந்தார். அந்தச் சொல்லுக்குச் சிறிய கோட்டை என்று பொருள். போலந்திலும் ஹங்கேரியிலும் இன்றைக்குத் திறந்தவெளி அருங்காட்சியகம் எதுவானாலும் ஸ்கான்சென் என்றுதான் சொல்கிறார்கள், நாம் எந்த நகலையும் ஜெராக்ஸ் என்று சொல்வது மாதிரி.

வீட்டை எப்படித் தூக்கிக்கொண்டு வருவது என்று என் மனைவி அங்கே இருந்த பெண்மணியிடம் கேட்டாள். அந்த நாட்டுப் பழைய வீடுகள் மரத்தடிகளை மூலையில் வெட்டி, ஒன்றின் மேல் ஒன்று கோத்துக் கட்டியவை. ஒவ்வொரு தடிக்கும் நம்பர் போட்டுப் பிரித்து, புது இடத்தில் அதே வரிசையில் அடுக்கினால் போதும். டாலர்னாவின் மோரா ஊர் வீடு அப்படி வந்ததுதான். 1730 வாக்கில் கட்டிய செக்லோரா தேவாலயம் 1916-இல் வந்தது. இப்போது ஏறக்குறைய 150 கட்டிடங்கள் இருக்கின்றன. அடுப்பு எரிகிறது. பழங்கால உடையில் ஒருவர் உட்கார்ந்து கம்பளி பின்னுகிறார். கேட்டால் பதில் சொல்கிறார்.

ஸ்கான்செனுக்குப் பக்கத்திலேயே 1893-இல் கோல்ட்ஹோஃப் என்பவர் உயிரியல் அருங்காட்சியகம் ஒன்றைத் திறந்தார். நடுவில் நின்று சுற்றிப் பார்த்தால் ஸ்வீடனின் பறவைகளும் விலங்குகளும் தங்கள் கரையிலும் காட்டிலும் இருக்கும். பின்னணியை வரைந்தவர் புகழ்பெற்ற ஓவியர் லில்யேஃபோர்ஷ்.

இதே வேலையை அமெரிக்காவில் உச்சத்துக்குக் கொண்டுபோனவர் கார்ல் ஏக்லி. 1890-இல் மில்வாக்கி நகர அருங்காட்சியகத்தில் மஸ்க்ராட் என்ற நீர்வாழ் கொறிவிலங்கை அதன் குளத்தோடும் வளையோடும் அமைத்தார். அதற்கு முன்னால் தோலுக்குள் வைக்கோலை அடைத்துத் தைப்பார்கள். ஏக்லி களிமண்ணில் உடலை வடித்து, அதிலிருந்து உள்ளீடற்ற அச்சு எடுத்து, அதன்மேல் தோலைப் போர்த்தினார். இலைகளை மெழுகில் செய்தார்கள். பின்சுவரை வளைத்து ஓவியம் வரைந்தார்கள், மூலை தெரியாமல் இருப்பதற்காக.

1921-இல் காங்கோ மலைகளில் கொரில்லாக்களைச் சுட்டுக் கொண்டுவந்தவரும் அவர்தான். ஆனால் அவற்றை அருகில் பார்த்த பிறகு அவர் மனம் மாறியது. அவற்றைக் காக்க வேண்டும் என்று பெல்ஜிய மன்னரிடம் வாதாடினார். 1925-இல் ஆப்பிரிக்காவின் முதல் தேசியப் பூங்கா அங்கே உருவானது. 1926-இல் அதே காட்சியைத் துல்லியமாக வரைய ஓவியர்களோடு திரும்பிப் போனவர் காய்ச்சலில் இறந்து அங்கேயே புதைக்கப்பட்டார். நியூயார்க்கில் அவர் பெயரிலான கூடம் 1936-இல் திறந்தது. அதில் 28 டயோராமாக்கள். அங்கே ஏதோ ஒரு காட்டை வரைந்து வைக்கவில்லை. குறிப்பிட்ட இடத்தைப் போய்ப் பார்த்து வரைந்திருக்கிறார்கள். வங்கியில் இதற்கு வவுச்சர் என்போம். என்ட்ரி இருந்தால் அதற்கு ஆதாரம் இருக்க வேண்டும்.

இனிமேல்தான் நான் உங்களிடம் முக்கியமாகச் சொல்ல வந்தது. அலமாரியில் இருக்கும் பானையைப் பார்த்தால், இது என்ன என்று கேட்போம். டயோராமாவைப் பார்த்தால் கேட்க மாட்டோம். கண் முன்னால் நடப்பது போல இருப்பதால் அப்படியே நம்பிவிடுவோம். பார்வையாளர் எவ்வளவு உள்ளே வருகிறாரோ, அவ்வளவுக்கு இதை அமைத்தது யார் என்ற கேள்வி மறந்துபோகிறது.

ஸ்கான்சென் திறந்தபோது வடக்கிலிருந்து சாமி இன மக்களின் குடியிருப்பு ஒன்றையும் அமைத்தார்கள். அதில் இருந்தது பொம்மை அல்ல, நிஜமான குடும்பம். டிக்கெட் வாங்கியவர்கள் அவர்களைச் சுற்றி நின்று பார்த்தார்கள். அதே காலத்தில் ஐரோப்பாவின் பல நகரங்களில் இப்படி மனிதர்களையே காட்சிக்கு வைத்தார்கள். உள்ளே இருந்தவர்களிடம், உங்களைப் பற்றி என்ன எழுத வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை.

இன்னொரு உதாரணம். நியூயார்க்கின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் 1939-இல் அமைத்த ஒரு டயோராமா. டச்சுக்காரர்கள் நியூயார்க்கை ஆண்ட காலத்தில், அவர்களின் தலைவர் ஸ்டைவசன்ட்டை அந்த மண்ணின் லெனாபி மக்கள் சந்திக்கும் காட்சி. டச்சுக்காரர்கள் முழு உடையில் கம்பீரமாக நிற்கிறார்கள். லெனாபி ஆண்களுக்கு அரை உடை. பெண்கள் பின்னால் தலை குனிந்து சுமை தூக்குகிறார்கள். உண்மையில் அப்படிப்பட்ட சந்திப்புக்கு அவர்கள் மரியாதைக்குரிய உடையில்தான் வந்திருப்பார்கள், பெண்களுக்கும் அந்தச் சமூகத்தில் தலைமைப் பங்கு இருந்தது. எண்பது வருடம் பள்ளிப் பிள்ளைகள் தவறான காட்சியைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

2018-இல் அருங்காட்சியகம் என்ன செய்தது தெரியுமா? இடிக்கவில்லை, மூடியும் வைக்கவில்லை. அந்தக் கண்ணாடியின் மேலேயே பெரிய எழுத்தில், இது தவறு, இது ஏன் தவறு என்று ஒவ்வொன்றாக எழுதி ஒட்டியது. கணக்கு எழுதியவர்களுக்கு இது உடனே புரியும். லெட்ஜரில் தப்பான என்ட்ரியை அழிக்கக் கூடாது. பிளேடால் சுரண்டக் கூடாது. பழைய என்ட்ரி அப்படியே இருக்க, திருத்தப் பதிவு தனியாகப் போட வேண்டும். பின்னால் வருகிறவருக்குத் தப்பும் தெரிய வேண்டும், திருத்தமும் தெரிய வேண்டும்.

நம் பக்கத்திலும் இந்த வகை உண்டு. கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் இருக்கும் தட்சிணசித்ராவை 1996 முதல் பார்க்கலாம். டெபோரா தியாகராஜன் தொடங்கிய மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷன் நடத்துகிறது. வடிவமைத்தவர் லாரி பேக்கர். தென்னிந்திய மாநிலங்களின் பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து அங்கே மறுபடி கட்டியிருக்கிறார்கள். பலரும் பேரப் பிள்ளைகளோடு போயிருப்பீர்கள். போகாதவர்கள் ஒரு நாள் ஒதுக்கிப் போய் வாருங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நம் லாபியில் அலங்காரத்துக்கு ஒரு பித்தளை அண்டா இருக்கிறது, பிளாஸ்டிக் பூவோடு. யார் வீட்டு அண்டா, எத்தனை பேருக்குச் சோறு வடித்தது என்று யாருக்கும் தெரியாது. வவுச்சர் இல்லாத என்ட்ரி. நம்மில் பல வீடுகளில் அம்மி பால்கனியில் செடித்தொட்டிக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டு நிற்கிறது. மரக்காலில் பேனா நிற்கிறது. அவற்றின் கதை தெரிந்த கடைசி ஆட்கள் இந்த ஹாலில் உட்கார்ந்திருக்கிறோம். நமக்குப் பிறகு பிள்ளைகள் அதைக் குப்பை என்று போட்டால் அவர்கள் மேல் தப்பில்லை.

வருகிற நவராத்திரிக்குக் கொலுவுக்குப் பக்கத்தில் ஒரு நீள மேஜை போடச் சங்கச் செயலாளர் சம்மதித்திருக்கிறார். வீட்டுக்கு ஒரு பொருள் கொண்டுவாருங்கள். தங்கம், வெள்ளி வேண்டாம். அதற்கு லாக்கர் இருக்கிறது. பொருளோடு ஓர் அட்டை கட்டாயம். அதன் பெயர், எந்த ஊர், யாருடையது, எதற்குப் பயன்பட்டது. கூடவே, அதை வைத்து உழைத்தவர் யார். அம்மி என்றால் அரைத்த கை யாருடையது என்று எழுதுங்கள். திண்ணையின் போட்டோ கொண்டுவந்தால், அதில் யாரெல்லாம் உட்கார்ந்தார்கள் என்பதோடு, அதற்கு மேல் வர அனுமதிக்கப்படாதவர்கள் யார் என்பதையும் எழுதுங்கள். இது சிலருக்குச் சங்கடமாக இருக்கும், எனக்கும்தான். ஆனால் நாம் எழுதாமல் விட்டால், எண்பது வருடம் கழித்து வேறு யாராவது கண்ணாடியில் ஒட்ட வேண்டியிருக்கும்.

அட்டைகளை இப்போதே கொண்டுவந்திருக்கிறேன். வெளியே போகும்போது வாசலில் ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். தமிழில் எழுதச் சிரமப்படும் பிள்ளைகளுக்கு நாங்கள் எழுதிக் கொடுக்கிறோம். சொல்ல மட்டும் நீங்கள் உட்கார வேண்டும்.