வயிறு காயும்போது வாக்கை விற்காதீர்!

(தாராவிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நெல்லைச் சீமையிலிருந்து தகரப் பெட்டியோடு வந்து இறங்கியவர்கள் நாம். அரிசி ஏறுகிறது, வாடகை ஏறுகிறது. கூலி மட்டும் ஏறவில்லை. இந்த நேரம் பார்த்து ஒருவன் ஐந்நூறு ரூபாயோடு வாசலுக்கு வருவான். கொடுப்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம். கணக்கையும் பாருங்கள்: ஐந்து ஆண்டுக்கு 1,825 நாள். நாளொன்றுக்கு முப்பது காசுகூட இல்லை!

1980 தேர்தலில் வெங்காய விலை மேடைதோறும் பேசப்பட்டது, ஆட்சியும் மாறியது. ஆனால் கோபம் மட்டும் போதாது. ரேஷனுக்கு என்ன வழி, வேலைக்கு என்ன வழி என்று வேட்பாளரைக் கேளுங்கள். அவருடைய சொத்தும் வழக்கும் உறுதிமொழிப் பத்திரத்தில் இருக்கின்றன; பிள்ளைகளைப் படித்துச் சொல்லச் சொல்லுங்கள்.

ஊரிலும் இங்குமாக இரண்டு இடத்தில் பெயர் இருக்கக் கூடாது. வாழும் இடத்தில் பதியுங்கள். வாக்குப்பதிவு நாளில் தினக்கூலிக்கும் சம்பளத்தோடு விடுமுறை உண்டு, அது சட்டம். கூலியை வெட்டினால் சங்கத்துக்கு வாருங்கள்.

மாடியில் இருப்பவனுக்கும் ஒரு வாக்கு. குடிசையில் இருப்பவனுக்கும் ஒரு வாக்கு. நமக்குச் சமமாய்க் கிடைத்தது அது ஒன்றுதான். அதையும் இழக்கலாமா?