புகைக்கு நாம் கொடுக்கும் விலை

(அடி அண்ணாமலையில் பஞ்சாயத்து உறுப்பினர்களும் உழவர்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

  

கிரிவலப் பாதையின் ஓரத்தில் அமைந்த இவ்வூரில் நாம் இன்று கூடியிருக்கிறோம். பௌர்ணமிதோறும் லட்சக்கணக்கான மக்கள் 14 கிலோமீட்டர் தூரம் மலையை வலம் வருகிறார்கள். அவர்கள் சென்ற பின் தட்டுகளும் குவளைகளும் காகிதங்களும் வழியெங்கும் எஞ்சுகின்றன. திருவிழாவும் சந்தையும் நடக்கும் எந்த ஊரிலும் இதுதான் நிலை. "கூட்டிக் குவித்து ஒரு தீக்குச்சி கிழித்தால் வேலை முடிந்தது, செலவும் இல்லை" என்று எண்ணுவோர் நம்மிடையே பலர் உண்டு. செலவு இல்லை என்பது உண்மைதானா? இதைத்தான் இன்று உங்களோடு சேர்ந்து ஆராய விரும்புகிறேன்.

புகையில் கலந்துள்ள நுண்துகள்கள் தலைமயிரின் பருமனில் முப்பதில் ஒரு பங்கினும் சிறியவை. அவை மூக்கிலும் தொண்டையிலும் தங்குவதில்லை. நுரையீரலின் அடிவரை சென்று, இரத்தத்திலும் கலக்கின்றன. இருமலும் இளைப்பும் மட்டுமன்றி, மாரடைப்புக்கும் பக்கவாதத்துக்கும் அவை காரணமாகின்றன.

இதனால் நாட்டுக்கு நேரும் பொருள் நட்டத்தை, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் முதலிய நிறுவனங்களைச் சேர்ந்த அறிஞர்கள் கணக்கிட்டு 2020-ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். 2019-ஆம் ஆண்டில் மட்டும் காற்று மாசினால் இந்தியாவில் இறந்தோர் ஏறத்தாழ 16 லட்சத்து 70 ஆயிரம் பேர். அகால மரணத்தாலும் நோயாலும் இழந்த உழைப்பின் மதிப்பு ஏறக்குறைய 2 லட்சத்து 60 ஆயிரம் கோடி ரூபாய். அதாவது, நாடு ஈட்டிய ஒவ்வொரு 100 ரூபாய்க்கும் 1 ரூபாய் 36 காசு புகையோடு போயிற்று.

இவ்வளவு பெரிய தொகை யார் கணக்கிலிருந்து போயிற்று? பஞ்சாயத்தின் வரவு செலவுப் புத்தகத்தில் அதற்கு ஒரு வரியும் இராது. அறுவடைக் காலத்தில் மூச்சுத் திணறிப் படுத்த கூலியாளின் பத்து நாள் கூலியில் அது இருக்கிறது. மருந்துக்காக அடகு வைத்த நகையில் இருக்கிறது. சம்பாதிக்கும் கையை இழந்த குடும்பத்தின் கடனில் இருக்கிறது. ரசீது இல்லாமல் வசூலாகும் வரி இது.

மேற்கூறிய கணக்கில் பயிர் நட்டம் சேரவில்லை. வாகனப் புகையும் ஆலைப் புகையும் வெயிலில் வினைபுரிந்து ஓசோன் என்னும் வாயுவை உண்டாக்குகின்றன. வானின் உயரத்தில் நம்மைக் காக்கும் இவ்வாயு, தரையருகே பயிருக்குப் பகையாகிறது. இலைத்துளை வழியே நுழைந்து விளைச்சலைக் குறைக்கிறது. இதனால் 2005-ஆம் ஆண்டில் நாடு இழந்த தானியம் கோதுமையில் 35 லட்சம் டன், நெல்லில் 21 லட்சம் டன் என்று புனே நகரிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தார் 2014-இல் மதிப்பிட்டனர். உழுது, விதைத்து, நீர் பாய்ச்சி, உரமிட்ட பின் நேர்ந்த இழப்பு இது.

இந்த இழப்பு நம் தலைவிதி அன்று. அதற்கு அடுப்படியே சான்று. தமிழக அரசு 2007-இல் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச எரிவாயு அடுப்பு வழங்கத் தொடங்கியது; மத்திய அரசின் உஜ்வலா திட்டம் 2016-இல் தொடங்கியது. விறகும் வறட்டியும் எரித்த பல வீடுகளில் எரிவாயு புகுந்தது. 1990-க்கும் 2019-க்கும் இடையில் வீட்டுப் புகையால் நேரும் இறப்பு விகிதம் நாட்டில் 64 விழுக்காடு குறைந்திருக்கிறது. ஆனால் அதே காலத்தில் வெளிக்காற்றின் நுண்துகளால் நேரும் இறப்பு விகிதம் இரு மடங்குக்கு மேல் உயர்ந்துவிட்டது. வீட்டுக்குள் பெற்ற வெற்றியைத் தெருவில் இழந்து நிற்கிறோம்.

ஆலைப் புகையையும் நகரத்து வாகனப் புகையையும் தடுப்பது அரசின் பொறுப்பு. நம் கையில் உள்ளது எது? முதலாவது, குப்பை. மக்கும் குப்பையையும் மக்காத குப்பையையும் வீட்டிலேயே பிரித்துத் தூய்மைக் காவலரிடம் கொடுத்தால் ஒன்று எருவாகும். மற்றது விலை போகும். சேர்த்துக் கொடுத்தால் இரண்டும் பாழ். குப்பையைத் திறந்தவெளியில் எரிப்போருக்கு 5,000 ரூபாயும், பெருமளவில் எரிப்போருக்கு 25,000 ரூபாயும் விதிக்கத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரில் ஆணையிட்டது. அபராதத்துக்கு அஞ்சி அன்று, நம் பிள்ளைகளின் மூச்சை எண்ணியே இதைக் கைவிடுதல் வேண்டும்.

இரண்டாவது, கழனி. நெல் வைக்கோலை எரிக்காமல் மாட்டுக்கு இடும் நல்வழக்கம் நம்மிடம் உண்டு. அதே சிக்கனத்தைக் கரும்புத் தோகையிலும் காட்டலாமே! எரித்தால் தழைச்சத்து புகையாய்ப் போகும். பாரிடையே பரப்பினால் ஈரம் காக்கும், களை அடங்கும், மக்கி மண்ணுக்கு உரமாகும்.

பஞ்சாயத்து உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கிராம சபையில் சாலை, குடிநீர், விளக்கு ஆகியவற்றோடு புகையையும் ஒரு பொருளாக வையுங்கள். ஊரில் எங்கே எரிக்கிறார்கள், ஏன் எரிக்கிறார்கள், குப்பை வண்டி எந்தத் தெருவுக்கு வருவதில்லை என்று கேளுங்கள். வண்டி வராத தெருவில்தான் தீ மூட்டப்படும். ஆதலின் குற்றம் சாட்டுமுன் வண்டியை அனுப்புங்கள். அதற்கு ஆகும் செலவு புத்தகத்தில் பதிவாகும். அதனால் மிச்சமாகும் பணமோ ஒவ்வொரு குடும்பத்தின் கையிலும் தங்கும்.