கல்கத்தாவில் அடித்த நம் சென்டு



குருபோங் பக்கத்து வீடுகளில், பாட்டியின் பெட்டியில் கறுத்த செப்புக் காசு கிடைத்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். எழுத்தைப் பாருங்கள்.

1867 வரை மலாக்கா, பினாங்கு, சிங்கப்பூர் மூன்றும் இந்திய ஆட்சியோடு சேர்ந்திருந்தன. ஆட்சியாளர் ரூபாயைப் புழக்கத்தில் விட விரும்பினர். இங்குள்ள கடைத்தெருவோ டாலர் கணக்கை விடவில்லை. ஆகவே ரூபாய் அடித்த கல்கத்தா நாணயச் சாலையே நமக்குச் சென்டும் அடித்தது. 1845 காசில் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரும், 1862 காசில் ‘இந்தியா ஸ்டிரெய்ட்ஸ்’ என்ற பெயரும் இருக்கும். 1903 வெள்ளி டாலர் பம்பாயில் அடிக்கப்பட்டது. மலேசியாவின் சொந்த நாணயச் சாலை 1971இல் ஷா ஆலமில் ஏற்பட்டது.

பழங்காசைப் புளிபோட்டுத் தேய்க்காதீர்கள், எழுத்து அழிந்துவிடும். பிள்ளைகளிடம் காட்டி, வாசிக்கச் சொல்லுங்கள். சரித்திரம் உங்கள் கையிலேயே இருக்கிறது.