டிக்கெட்டா, பாஸா?



ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். ஒரு நகரத்துப் பூங்கா. வாசலில் நீண்ட வரிசை. அதில் ஒரு குடும்பம் நிற்கிறது. கணவர் கொத்து வேலை செய்கிறவர். மனைவி பூ விற்கிறவர். கூடவே வயதான மாமியார், பள்ளிக்கூடம் போகும் மகன்.

ஒரு தடவை உள்ளே போக டிக்கெட் 20 ரூபாய். ஆண்டு பாஸ் 600 ரூபாய். பாஸ் இருந்தால் வருஷம் முழுக்க எத்தனை தடவை வேண்டுமானாலும் வரலாம்.

"நாலு பேருக்கும் பாஸ் வாங்கிடலாம். வரிசையில நிக்க வேண்டாம்" என்றார் கணவர்.

நாலு பேருக்கு 2,400 ரூபாய். சும்மா வருகிற காசா அது?

மனைவி முதியோர் கல்வி வகுப்பில் எழுத்தும் கணக்கும் கற்றவர். வாசலில் இருந்த பலகையை ஒரு வரி விடாமல் படித்தார்.

"ஏங்க, கொஞ்சம் பொறுங்க. 600-ஐ 20-ஆல வகுத்தா 30. முப்பது தடவை வந்தாத்தான் போட்ட காசு திரும்பும். நாம மாசம் ஒரு தடவைதானே வர்றோம்? வருஷத்துக்கு 12 தடவை. ஆளுக்கு 240 ரூபாய்தான் ஆகும். எதுக்கு 600?"

கணவருக்குப் பதில் இல்லை. மனைவி விடவில்லை.

"ஆனா அத்தைக்கு மட்டும் பாஸ் வாங்கணும்."

மாமியாருக்குச் சர்க்கரை நோய். தினமும் நடக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லி ஆறு மாதம் ஆகிறது. வீட்டுத் தெருவில் லாரிகள் ஓடுகின்றன. பூங்காவில் நடக்கலாம். ஆனால் தினமும் 20 ரூபாயா என்று அவர் சும்மா இருந்துவிட்டார். வாரம் ஐந்து நாள் வந்தால், ஆறே வாரத்தில் 30 தடவை ஆகிவிடும். மீதி நாள் எல்லாம் லாபம். (மருமகள் போட்ட கணக்கு இது. மாமியார், மருமகள் சண்டையையே கேட்டுப் பழகியவர்கள் கவனிக்க வேண்டும்!)

ரயில் சீசன் டிக்கெட்டிலும் இப்படித்தான் கணக்குப் பார்க்க வேண்டும். ஓராண்டு சீசன் டிக்கெட்டுக்குப் பன்னிரண்டு மாதக் கட்டணம் இல்லை. மாதக் கட்டணத்தைப் போல 10.8 மடங்குதான். மாதம் 200 ரூபாய் என்றால், ஆண்டுக்கு 2,160 ரூபாய். 240 ரூபாய் மிச்சம். நடுவில் இரண்டு மாதம் வேலை இல்லாமல் வீட்டில் இருந்தால்? 400 ரூபாய் வீண். மிச்சம் பிடித்தது போதாது.

காசே கேட்காத இடமும் உண்டு. டெல்லியில் லோதி தோட்டத்துக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. குதுப் மினார் போல, இந்தியத் தொல்லியல் துறை பராமரிக்கும் சின்னங்களுக்குப் பெரியவர்கள் டிக்கெட் வாங்க வேண்டும். 15 வயது நிரம்பாத பிள்ளைகளுக்கு இலவசம். இது தெரியாமல் பிள்ளைக்கும் காசை நீட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

பூங்காப் பலகையில் கடைசியில் சின்ன எழுத்தில் இரண்டு வரி இருந்தது. பாஸை வேறு ஆள் பயன்படுத்தக் கூடாது. பாஸ் வாங்க ஒரு போட்டோ வேண்டும்.

"போட்டோவா? எனக்கா?" என்று மாமியார் வெட்கப்பட்டார். மறுநாள் காலையில் நல்ல புடவையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு, மருமகளுக்கு முன்னால் வாசலில் நின்றார்.