பேச்சு போனாலும் அறிவு போவதில்லை



ராசா பக்கத்துத் தோட்டத்தில் முப்பது வருடம் பால்மரம் வெட்டிய ஒரு பெரியவரை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருநாள் காலையில் வாய் கோணுகிறது. வலது கையைத் தூக்க முடியவில்லை. மருத்துவமனையில் உயிர் பிழைத்து வீடு திரும்புகிறார். தண்ணீர் கேட்க நினைக்கிறார். வாயில் வருவதோ ‘சட்டை’. மகளைக் கூப்பிடப் பார்க்கிறார், பெயர் வரவில்லை. ‘அப்பாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது’ என்று வீட்டார் முடிவு கட்டிவிடுகிறார்கள். பிறகு அவரை எதிரில் வைத்துக்கொண்டே அவரைப் பற்றிப் பேசுகிறார்கள்.

அந்த முடிவு தவறு. இதற்கு அஃபேசியா என்று பெயர். பேச்சிழப்பு எனலாம். பெரும்பாலோருக்கு மொழியை ஆள்வது மூளையின் இடப்பக்கம். அங்கே இரத்த ஓட்டம் தடைப்பட்டால் சொல் எடுக்கும் வழி அடைபடுகிறது. 1861-ஆம் ஆண்டு பாரிஸ் மருத்துவர் பால் புரோக்கா ஒரு நோயாளியைப் பரிசோதித்தார். எதைக் கேட்டாலும் அவர் சொன்னது ‘டான்’ என்ற ஒலிதான். ஆனால் மற்றவர்கள் பேசியது அவருக்குப் பெரும்பாலும் புரிந்தது. சிலருக்குப் புரிந்துகொள்வதும் குறையலாம். அப்போதும் பாசமும் ரோஷமும் எங்கும் போய்விடுவதில்லை.

இதற்குச் சிகிச்சை உண்டா? உண்டு. இங்கே மாத்திரையைவிடப் பயிற்சிதான் முக்கியம். மலேசிய தேசியப் பல்கலைக்கழகம் 1995-இல் நாட்டிலேயே முதலாவதாகப் பேச்சு அறிவியல் பட்டப்படிப்பைத் தொடங்கியது. அதன் கிளினிக் கோலாலம்பூர் வளாகத்தில் இருக்கிறது. ராசாவில் கொம்யூட்டர் ரயில் ஏறினால் தலைநகருக்குப் போய்விடலாம். பக்கவாதத்திலிருந்து மீண்ட ஜேனட் யோ 1996-இல் தொடங்கிய நாசாம் என்னும் தேசிய பக்கவாதச் சங்கமும் இருக்கிறது.

எங்கே போனாலும் முதலில் ஒன்றைச் சொல்லுங்கள்: ‘அப்பாவின் வீட்டு மொழி தமிழ்.’ வாழ்நாளெல்லாம் தமிழில் பேசியவரிடம் மலாயில் மட்டும் கேள்வி கேட்டால், மிஞ்சியிருக்கும் சொல்லும் வெளியே வராது. தமிழ் தெரிந்த சிகிச்சையாளர் கிடைக்காவிட்டால் நீங்களே பக்கத்தில் உட்காருங்கள்.

கிளினிக்கில் கிடைப்பது சிறிது நேரம்தான். மீதியெல்லாம் வீட்டில்தான் நடக்க வேண்டும். பேசும்போது தொலைக்காட்சியை அடைத்துவிடுங்கள். தொலைக்காட்சிக்காரி நானே சொல்கிறேன்! முகம் பார்த்துச் சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசுங்கள். ‘காப்பியா, தேத்தண்ணியா?’ என்று இரண்டையும் காட்டிக் கேளுங்கள். குழந்தையிடம் பேசுவதுபோல் கொஞ்சாதீர்கள். பேச வராத சிலருக்குப் பழைய பாட்டு தானாக வாயில் வரும். கூடச் சேர்ந்து பாடுங்கள்.

இன்னொன்று. வாய் கோணினால், கை தளர்ந்தால், பேச்சு குளறினால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். உடனே 999-ஐ அழையுங்கள். இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும்.

படப்பிடிப்பில் எனக்கு ஒரு சொல் வராமல் போனால் மறுபடியும் எடுப்பார்கள். யாரும் என்னைப் புத்தி கெட்டவள் என்பதில்லை. அந்தப் பெரியவர் கேட்பதும் அவ்வளவுதான். அவர் சொல்லைத் தேடும்போது நீங்கள் முந்திக்கொண்டு முடித்துவிடாதீர்கள். கொஞ்சம் காத்திருங்கள்.