நாம் குடிக்கும் கோப்பி

(ஜாசின் வட்டாரத் தோட்டக் கிளைக் கூட்டத்தில் பேசியது)



பொழுது விடியுமுன் பெரட்டுக்குக் கிளம்பும்போது நம் வயிற்றில் என்ன இருக்கிறது? ஒரு குவளைக் கோப்பி. சில வீடுகளில் அதோடு இரண்டு ரொட்டி. பல வீடுகளில் அதுவும் இல்லை. இந்தக் கோப்பி தேகத்துக்கு நல்லதா, கெட்டதா என்று உறுப்பினர்கள் கேட்கிறார்கள். நாங்கள் செக்ரோல் எழுதும் கிராணிமார். வைத்தியம் கற்றவர்கள் அல்லர். ஆயினும் வைத்தியர்கள் ஆராய்ந்து எழுதியதைத் தேடிப் படித்தோம்.

நல்ல சேதியை முதலில் சொல்லிவிடுகிறோம். அளவோடு கோப்பி குடித்து வருபவர்களிடையே நீரிழிவு குறைவாகவே காணப்படுகிறது. கல்லீரல் நோயும் அப்படியே. நமக்குப் பக்கத்திலுள்ள சிங்கப்பூரில் 63,000க்கு மேற்பட்ட சீனர்களைப் பல ஆண்டுகள் கவனித்து, 2014இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். தினமும் இரண்டு குவளையோ அதற்கு மேலோ குடித்தவர்களிடம், கல்லீரல் இறுகிப்போய் நேரும் மரணம், தினமும் குடிக்காதவர்களைவிட நூற்றுக்கு 66 பங்கு குறைந்திருந்தது. ஹெப்படைட்டிஸ் பி கிருமியால் வந்த நோய்க்கு மட்டும் இந்தப் பலன் தென்படவில்லை. குடிப்பவர்களிடம் நோய் குறைவு என்றுதான் கண்டார்கள். வந்த நோயைக் கோப்பி தீர்க்கும் என்று சொல்லவில்லை. ஆகவே யாரும் மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம்!

கடைக்காரர் துணிப் பையில் வடிகட்டுகிறாரே, அதுவும் நல்ல பழக்கம்தான். கொழுப்பை ஏற்றும் எண்ணெய்ச் சத்தின் பெரும் பகுதி துணியிலேயே தங்கிவிடுகிறது.

ஆனால் தோழர்களே, அவர்கள் மெச்சுவது கோப்பியை. நாம் குடிப்பது என்ன? கொட்டையை வறுக்கும்போதே சீனியும் மார்ஜரினும் சேருகின்றன. குவளையின் அடியில் விரற்கடை உயரத்துக்கு டின் பால். அதில் ஏறத்தாழப் பாதி சீனிதான். அதற்கு மேலும் ஒரு கரண்டி போடுகிறோம்! 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில், இந்நாட்டுப் பெரியவர்களில் நூற்றுக்கு 18 பேருக்கு நீரிழிவு இருந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களுக்கே முதலிடம். முதலிடம் பெற வேறு காரியமா இல்லை?

தாய்மார்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. கிளினிக்கில் கொடுக்கும் இரும்புச் சத்து மாத்திரையைக் கோப்பியோடு விழுங்குகிறீர்கள். அந்தச் சத்து உடம்பில் சேரவிடாமல் கோப்பி தடுக்கிறது. சாப்பாட்டோடு குடித்தாலும் இதே கதைதான். இரத்தசோகை உள்ளவர்கள் மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் பிறகு இரண்டு மணி நேரமாவது பொறுத்துக் குடியுங்கள். கர்ப்பிணிகள் நாளுக்கு இரண்டு சிறு குவளையைத் தாண்ட வேண்டாம்.

கொதிக்கக் கொதிக்கக் குடிப்பதும் ஆகாது. 65 பாகைக்கு மேற்பட்ட சூட்டில் குடிக்கும் எந்தப் பானமும் உணவுக் குழாயில் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2016இல் அறிவித்தது. கோப்பியின் மேல் முன்பிருந்த புற்றுநோய்ச் சந்தேகத்தை அதே அறிவிப்பில் தளர்த்தியும் விட்டது. தட்டில் ஊற்றி ஆற்றிக் குடித்த நம் தாத்தாமார்களைப் பார்த்துச் சிரித்தோமே!

இன்னொன்று. கோப்பி பசியை மறக்கடிக்கும், பசியை ஆற்றாது. வெறும் வயிற்றோடு பால் மரம் சீவப் போகாதீர்கள். இரண்டு இட்டிலியோ, நேற்றைய சோறோ, எதையாவது உண்டுவிட்டுப் புறப்படுங்கள். கடையில் "கோப்பி ஓ கோசோங்" என்று கேட்டுப் பழகுங்கள். முதல் வாரம் கசக்கும். எங்களுக்கும் கசந்தது.

கூட்டம் முடிந்ததும் வெளியே கோப்பி தயாராக இருக்கிறது. சீனியைத் தனிக் கிண்ணத்தில் வைக்கச் சொல்லியிருக்கிறோம், வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம்.