நன்றியின் மறுபாதி



நாய் நன்றியுள்ளது என்பது நாம் இளமைதொட்டுக் கேட்டுவரும் பேச்சு. அதே நாயின் பெயரை வசைச்சொல்லாகவும் வழங்குகிறோம். இறைவன்முன் தம்மைத் தாழ்த்திக்கொண்ட அடியார்களும் 'நாயேன்' என்றே கூறினர். விலங்கின் நன்றியைப் புகழும் நாம், அதற்குச் செலுத்த வேண்டிய நன்றியை எண்ணியதுண்டா? இவ்வினாவுக்குக் கல்லில் விடை எழுதி வைத்தனர் நம் முன்னோர்.

திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூர் நடுகல், மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. காலம் 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதி. எருமைகளைக் காக்கும் பூசலில் கருந்தேவக்கத்தி என்னும் வீரன் மாண்டான். அவனுடைய நாய் கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது. அதன் பெயர் கோவிவன். வேந்தன் பெயர் நின்ற கல்லிலேயே நாயின் பெயரும் நின்றது. வீரன் உருவத்தோடு அதன் உருவமும் செதுக்கப்பெற்றது. பெயரிட்டு அழைத்த உறவு, 1,400 ஆண்டுகளாக அழியவில்லை.

அண்டை நாடான கருநாடகத்து ஆதகூர்க் கல்வெட்டையும் நோக்குக. 949இல் தக்கோலப் போரில் வீரம் காட்டிய மணலேரன், கங்க மன்னன் பூதுகனிடம் பரிசாகக் கேட்டது காளி என்னும் வேட்டை நாயை! அது பன்றியோடு பொருது, இரண்டும் மடிந்தன. அதற்கு எடுத்த கல்லுக்கு நிலம் விடப்பட்டது. கல்லை வழிபடாமல் பூசகர் உண்ணலாகாது என்றும் விதிக்கப்பட்டது. நன்றி என்பது ஒருநாள் கண்ணீரன்று, நாள்தோறும் ஆற்றும் கடமை என்பதை இது உணர்த்துகின்றது.

நாயும் உரிமையாளரும் ஒருவரையொருவர் நோக்குங்கால் இருவர் உடலிலும் ஆக்சிடோசின் என்னும் சுரப்பு மிகுதலை 2015இல் ஜப்பானிய அறிஞர் கண்டறிந்தனர். தாய்க்கும் சேய்க்கும் இடையிலான பிணைப்பில் பங்குகொள்ளும் சுரப்பு அதுவே. ஆகவே அன்பு இருபாற்பட்டது, கடமையும் அவ்வாறே.

இன்று நாய்க்கடிக்கு மக்கள் அஞ்சுகின்றனர், அவ்வச்சம் பொய்யன்று. ஆயின் குட்டியாய்க் கொஞ்சி வளர்த்து, முதுமையிலோ நோயிலோ தெருவில் விடுபவர் யார்? வெறிநோய்த் தடுப்பூசி போடாது விடுபவர் யார்? அந்நாய்க்கும், அது கடிக்கும் குழந்தைக்கும் நாமே பொறுப்பு.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது பழமொழி. உப்பு விளையும் மரக்காணக் கரைக்கு அண்மையில் வாழும் நமக்கு அதன் பொருளை விளக்க வேண்டுவதில்லை. நாய் அதனைக் காத்துவருகின்றது. நாம் இன்று நடுகல் எடுக்க வேண்டா. உரிய காலத்தில் ஓர் ஊசியும், நாளும் நீரும் சோறும், முதுமையில் ஒரு திண்ணையும் அளித்தால் போதும். கோவிவனுக்குக் கல் நட்டவர்களின் வழித்தோன்றல்கள் என்று நம்மைச் சொல்லிக்கொள்ளும் தகுதி அப்போதே வாய்க்கும்.